ஸ்டெர்லிங் மாமியின் நாற்பது டாலர் தீர்ப்பு

பவுண்டையும் டாலரையும் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காமல், அவை இரண்டையும் வைத்துக்கொண்டு பம்பாய் மாட்டுங்காவில் குடும்பம் நடத்திய ஒரே பெண்மணி ஸ்டெர்லிங் மாமிதான். இங்கிலாந்து அரசாங்கம் தன் நாணயத்தில் கை வைப்பதற்கு முன்னால் தன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது மாமியின் அபிப்பிராயம். என் அபிப்பிராயமும் அதுவே. என் அபிப்பிராயத்துக்கு அந்த நாளில் என்ன மதிப்பு என்பது போகப்போகத் தெரியும்.

மாமிக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்க வேண்டும். எங்களில் யாரும் பார்த்ததில்லை. கிங் சர்க்கிள் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எட்டு பிரம்மச்சாரிகளுக்குச் சமைத்துப் போட்டு, படுக்க இடமும் கொடுத்திருந்தார். கணவர் ரயில்வேயில் இருந்து காலமானவர். இரண்டு பிள்ளைகள். பெரியவன் லண்டனில் இன்ஜினியர். மாதம் தவறாமல் அம்மாவுக்குப் பத்து பவுண்டு அனுப்புவான். இங்கிலாந்துப் பவுண்டுக்கு ஸ்டெர்லிங் என்றும் ஒரு பெயர் உண்டு; மெஸ்காரர்கள் மாமிக்கு அதை வைத்தது அதனால்தான். சின்னவன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டும், அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்துக் கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டும் இருந்தான்.

நான் அப்போது கோட்டைப் பகுதியில் ஒரு பாங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சாதாரணப் பிரிவில் இல்லை; அந்நியச் செலாவணிப் பிரிவில். ஊருக்கு எழுதும் கடிதத்தில் இதைத் தனி வரியாக, பெரிய எழுத்தில் எழுதுவேன். "பிள்ளை பம்பாயில் பவுண்டு விற்கிறான்" என்று அப்பா சொன்னதை, "பவுன் விற்கிறான்" என்று ஊர் காதில் வாங்கிக்கொண்டது. பெண் வைத்திருந்தவர்களெல்லாம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள்.

நான் விற்றது ஒன்றுமில்லை. காலையில் அதிகாரி அன்றைய விகிதங்களை உரக்கப் படிப்பார். கவுண்டருக்குப் பக்கத்தில் இருந்த கரும்பலகையில் நான் சாக்பீஸால் எழுதுவேன். ஒரு பவுண்டுக்கு டாலர் 2.80. அதற்குக் கீழே ரூபாய்க் கணக்கு. மீதிப் பொழுதெல்லாம் உறைகளுக்குக் கோந்து தடவுவேன். பலகையில் நான் எழுதியதில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது நடுவில் இருந்த புள்ளி ஒன்றுதான். பவுண்டு – டாலர் விகிதம் மாறுவதே இல்லை என்பதால் பல நாள் அதை அழிக்காமலே விட்டு, எழுதியதாகக் காட்டிக்கொள்வேன்.

மெஸ்ஸில் சேர்ந்து சில மாதங்கள் கழித்து ஒரு ஜூன் மாதம், சாப்பாட்டு வேளையில் மாமி அடுக்கு நிறையப் பாயசம் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன மாமி விசேஷம்?" என்று கேட்டான் என் அறை நண்பன் சீமாச்சு. ஒரு பஞ்சாலை ஆபீசில் டைப்பிஸ்ட். சாப்பாட்டைத் தவிர வேறு எதிலும் அக்கறை இல்லாதவன்.

"பெரியவனுக்கு ப்ரமோஷன்! எப்பவும் நூத்திமுப்பத்திமூணு ரூபா வரும். இந்த மாசம் இருநூத்திப்பத்து வந்திருக்கு."

சீமாச்சுவின் டம்ளரில் பாயசம் பாதி விழுந்திருந்தது. அந்த நேரம் பார்த்து என் வாய் திறந்தது.

"ப்ரமோஷன் இல்லை மாமி. அவர் அனுப்பினது அதே பத்து பவுண்டுதான். நம்ம ரூபா கீழ விழுந்துடுத்து."

மாமி கரண்டியைப் பாதியில் நிறுத்தினார். "யார் தள்ளினா?"

"நம்ம கவர்ன்மெண்ட்தான்."

"நம்ம ரூபாயை நம்ம கவர்ன்மெண்டே தள்ளுவாளா? எதுக்குடா?"

எதுக்கு என்று எனக்கு எங்கே தெரியும்? அன்று காலை அதிகாரி சொன்ன எண்ணைப் பலகையில் எழுதியதோடு என் கடமை முடிந்துவிட்டது. "எல்லாம் நல்லதுக்குத்தான் மாமி" என்றேன்.

"அப்போ பெரியவன் அதே உத்யோகந்தான் பார்த்துண்டிருக்கானா?"

"ஆமாம் மாமி."

மாமி பாயச அடுக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சீமாச்சு அரை டம்ளரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இந்திய ரூபாயின் வீழ்ச்சியால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட முதல் குடிமகன் அவன்தான்.

ஆனால் அன்றோடு மாமி என் பெயரை மறந்து, "பாங்க்" என்று கூப்பிட ஆரம்பித்தார். உலகத்துப் பண விவகாரம் எல்லாவற்றுக்கும் நானே ஜவாப்தாரி ஆகிப்போனேன். மாமி எதையும் மூன்று நாட்டு விலையில் பார்ப்பவர். காய்காரனிடம் ஒரு காலிஃபிளவரைத் தூக்கிக் காட்டி, "யே லண்டன்மே தோ ஷில்லிங்! தும் க்யா போல்தா ஹை?" என்பார், நீ என்ன விலை சொல்கிறாய் என்று. லண்டனில் இரண்டு ஷில்லிங் என்றால் தான் அதிகமாகச் சொல்கிறோமா குறைவாகச் சொல்கிறோமா என்று தெரியாமல் அந்த மனிதன் விழிப்பான். கடைசியில் பயந்துபோய் ஓரணா குறைப்பான். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாபுஜி, அந்த ஷில்லிங் எங்கே கிடைக்கும்?" என்று ரகசியமாகக் கேட்டான்.

சின்னவன் ஒரு தடவை, முடி வெட்டிக்கொள்ள இரண்டு டாலர் ஆகிறது என்று எழுதிவிட்டான். காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே மாமி பிடித்துக்கொண்டார்.

"பாங்க், ரெண்டு டாலர்னா எத்தனைடா?"

டாலருக்கு ஏழரை ரூபாய். "பதினஞ்சு ரூபா மாமி."

"பதினஞ்சு ரூபா குடுத்தா தலை வெட்டிக்கறான்? எட்டு பேருக்கு ரெண்டு நாள் கறிகாய் வாங்குவேனே! பெரியவன் ஊர்ல அஞ்சு ஷில்லிங்தானாமே. அஞ்சு ஷில்லிங் எத்தனை டாலர்?"

வாயில் நுரையோடு நான் விரல் விட்டு எண்ணினேன். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. அஞ்சு ஷில்லிங் கால் பவுண்டு. கால் பவுண்டு என்றால் 2.80-இல் கால். "எழுபது சென்ட் மாமி. முக்கால் டாலர்கூட இல்லை."

"அப்போ சின்னவன் லண்டன் போய் அண்ணாகிட்ட இருந்து வெட்டிண்டு வந்தா ஒண்ணேகால் டாலருக்கு மேல மிச்சம்னு சொல்லு."

விமானக் கட்டணத்தை எடுத்துச் சொல்ல நினைத்தேன். ஆனால் அதைக் கணக்குப் போட வேண்டியவனும் நான்தான் என்பது ஞாபகம் வந்ததால் வாயைக் கொப்பளித்துக்கொண்டேன்.

இப்படி இருந்தபோதுதான் அடுத்த வருஷம் சின்னவனுக்கு ஒரு பருவத்துக்கு உதவிப்பணம் நின்றுபோயிற்று. பெரியவன் நூறு பவுண்டு கடன் கொடுத்தான். அது அமெரிக்காவில் இருநூற்று எண்பது டாலராகச் சின்னவன் கைக்கு வந்தது. அவன் ஃபீஸ் கட்டினான். "பாத்தியா, ஒத்தனுக்கொத்தன் எப்படி ஒத்தாசையா இருக்கான்" என்று மாமி பூரித்துப்போனார். அந்த மாதம் முழுவதும் மெஸ்ஸில் நெய் கரண்டி கொஞ்சம் ஆழமாகவே முங்கியது.

அந்த நவம்பரில் பவுண்டு விழுந்தது.

திங்கட்கிழமை அதிகாரி "டூ பாயிண்ட் ஃபோர் ஸீரோ" என்று கத்துகிறார். என் கை தன் பாட்டுக்கு 2.80 என்றே எழுதிவிட்டது. கவுண்டரில் நின்ற கூட்டம் ஹோவென்று சிரித்தது. அதிகாரி எழுந்துவந்து, என் கையிலிருந்த டஸ்டரை வாங்கித் தானே அழித்தார். இங்கிலாந்து தன் பவுண்டின் மதிப்பைத் தானே குறைத்துக்கொண்டது; நானும் என் மதிப்பை நானே குறைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "இப்போ இதை யார் தள்ளினா?"

"அவா கவர்ன்மெண்ட்."

"எல்லா ஊர்லயும் இதே பொழைப்புத்தானா?" என்றார். அந்த மாதம் பெரியவனின் பத்து பவுண்டு நூற்றெண்பது ரூபாயாக வந்தது. மாமி அதற்கெல்லாம் அசரவில்லை. அசைத்தது வேறு.

சின்னவன் ஜனவரியில் கடனைத் திருப்பினான். நூறு பவுண்டு வாங்கினேன், நூறு பவுண்டு தந்துவிட்டேன் என்றான். பவுண்டு விலை இறங்கியிருந்ததால் அதை வாங்க அவனுக்கு இருநூற்று நாற்பது டாலர்தான் ஆயிற்று. லண்டனில் இருந்த மாட்டுப்பெண், பெரியவனின் மனைவி, இதைக் கண்டுபிடித்தாள். இருநூற்று எண்பது டாலர் அனுபவித்துவிட்டு இருநூற்று நாற்பதைக் கொடுத்தால் என்ன நியாயம் என்று பெரியவனிடம் கேட்டாள். பெரியவன் தம்பியிடம் கேட்டான். தம்பி, "நீ லண்டன் போய் வியாபாரியாகிவிட்டாய்" என்று எழுதினான். அண்ணன், "நீ அமெரிக்கா போய் வக்கீலாகிவிட்டாய்" என்று எழுதினான். அதோடு பேச்சு நின்றது. இரண்டு பேரும் தனித்தனியாக அம்மாவுக்கு எழுதினார்கள். இரண்டு கடிதமும் ஒரே வாரத்தில் வந்தன.

மாமி அழவில்லை. சமையலில்தான் காட்டினார். சாம்பாரில் உப்பில்லை. ரசத்தில் புளியைத் தவிர ஒன்றுமில்லை. ஒருநாள் மோருக்குப் பதில் அரிசி களைந்த நீர் வந்தது என்று சீமாச்சு சத்தியம் செய்தான். அப்புறம் என்னை மொட்டை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"நீ பாங்க்காரன். அந்நியச் செலாவணி. ஏதாவது தீர்ப்பு சொல்லித் தொலை. எட்டு உயிர் உன் கையில இருக்கு."

மறுநாள் என் அதிகாரியைக் கேட்டேன். "கடன் பவுண்டில் என்றால் பவுண்டில் திருப்பினால் போதும். நகரு" என்றார். அதை அப்படியே வந்து சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். நிபுணன் என்று பெயர் வாங்கிவிட்டேனே! மாமி பால் கணக்கு எழுதும் சிலேட்டைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஏழு பேரும் சுற்றி நின்றார்கள்.

"பெரியவர் பக்கம் பார்த்தா, இருநூத்தியெண்பது டாலர் இன்னிக்கு ரேட்ல நூத்திப்பதினாறு பவுண்ட், பதிமூணு ஷில்லிங், நாலு பென்னி. பதினாறு பவுண்ட் சொச்சம் குறையறது. அவர் சொல்றது சரி. சின்னவர் பக்கம் பார்த்தா, வாங்கினது நூறு, குடுத்தது நூறு. அவர் சொல்றதும் சரி."

"ரெண்டு பேர் சொல்றதும் சரின்னா சண்டை எதுக்குடா? ஒனக்குச் சம்பளம் எதுக்கு?" என்றார் மாமி. மாமி என் எதிரே உட்கார்ந்தார்.

"பெரியவன் கையை விட்டு எவ்வளவு போச்சு?"

"நூறு பவுண்ட்."

"திரும்பி வந்தது?"

"நூறு பவுண்ட்."

"சின்னவன் கைக்கு வந்தது இருநூத்தியெண்பது டாலர். போனது இருநூத்திநாப்பது. நடுவுல நாப்பது டாலர் இருக்கே, அதை அவன் சம்பாதிச்சானா?"

"இல்லை மாமி. அது பவுண்ட் விழுந்ததால..."

"சம்பாதிக்காத பணம் அவனுக்கு எதுக்கு? அந்த நாப்பது டாலரை இங்க அனுப்பச் சொல்லு. பெரியவன் பதினாறு பவுண்டைக் காணும்கறானே, அது அவன்கிட்ட எப்பவாவது இருந்துதா?"

"இருந்ததில்லை மாமி."

"இல்லாத பணத்துக்குத் தம்பியோட சண்டை போட்டதுக்கு அபராதம். அவனும் அந்தப் பதினாறு பவுண்ட் சொச்சத்தை இங்க அனுப்பட்டும்."

இரண்டும் ரூபாயில் எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். நாற்பது டாலர், டாலருக்கு ஏழரை: முன்னூறு. பதினாறு பவுண்டு பதிமூன்று ஷில்லிங் நாலு பென்னி, பவுண்டுக்குப் பதினெட்டு: அதுவும் முன்னூறு! தப்பாக இருக்கும் என்று அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே முன்னூறு. டாலர் வழியாகப் போனாலும் பவுண்டு வழியாகப் போனாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. கரும்பலகையில் மூன்று எண்கள் தினமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றதன் பொருள் இத்தனை நாள் கழித்து, மெஸ்ஸின் தரையில், எனக்கு விளங்கியது. "ரெண்டும் முன்னூறு! ரெண்டும் முன்னூறு!" என்று எழுந்து குதித்தேன். சீமாச்சு, "இதுகூடத் தெரியாமலா அங்க உட்கார்ந்திண்டிருக்கே?" என்றான்.

ஞானம் வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். மாமி தீர்ப்பை இங்கிலீஷில் எழுதச் சொன்னார். மாட்டுப்பெண்ணுக்கும் புரிய வேண்டுமாம். தீர்ப்பு என்றால் கம்பீரமாக இருக்க வேண்டாமா? பாங்கின் பெயரும் விலாசமும் அச்சடித்த தாள் நாலைந்து என் பெட்டியில் கிடந்தது. அதில் எழுதினேன். "இந்தத் தொகைகளை உடனே மாட்டுங்கா முகவரிக்கு அனுப்பிவைக்கவும்" என்று முடித்து, கீழே என் பெயரும், அதற்குக் கீழே அந்நியச் செலாவணிப் பிரிவு என்றும் எழுதி, இரண்டு கோடு போட்டேன். இன்னொரு பிரதியும் எழுதி, லண்டனுக்கு ஒன்றும் அமெரிக்காவுக்கு ஒன்றுமாகத் தபாலில் போட்டேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு லண்டனிலிருந்து வந்தது. மாமி கண்ணாடி உடைந்திருந்ததால் என்னையே படிக்கச் சொன்னார்.

"'அம்மாவுக்கு நமஸ்காரம். நேற்று தம்பியுடன் டெலிபோனில் பேசினேன்...'"

"நில்லு, நில்லு! பேசினானா? பேசினேன்னா எழுதியிருக்கான்? திரும்பப் படி."

திரும்பப் படித்தேன். மாமி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேல படி" என்றார்.

"'எங்களுக்குள் இருந்த மனத்தாங்கல் எல்லாம் தீர்ந்துவிட்டது. நாங்கள் இருவரும் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். உன் மெஸ்ஸில் இருக்கும் அந்த பாங்க் ஆசாமி...'"

அடுத்த வரியைக் கண்ணால் ஓட்டிவிட்டு நிறுத்தினேன்.

"என்னடா, நிறுத்திட்டே?"

"'...அந்த பாங்க் ஆசாமி பெரிய ஃபிராடு. ஒன்றும் தெரியாத உன்னை ஏமாற்றி, உன் பெயரில் எங்களிடம் பவுண்டும் டாலரும் கறக்கப் பார்க்கிறான். அவன் பாங்குக்கும் எழுதியிருக்கிறேன்.'"

லண்டனையும் அமெரிக்காவையும் சேர்த்துவைத்த ஆள் நான்தான். அந்தப் பெருமையை அனுபவிக்க எனக்கு ஓர் இரவுதான் கிடைத்தது. மறுநாள் காலை பெரிய மானேஜர் கூப்பிட்டனுப்பினார்.

அவர் ஒரு பார்சி. மெதுவாகப் பேசுவார். அவர் குரல் இறங்க இறங்க எதிரே நிற்பவனுக்கு வேர்க்கும். நான் கோடு போட்ட தாளின் நகலும், பெரியவனின் புகாரும் மேஜை மேல் இருந்தன. பாங்கின் தாளில் பொதுஜனங்களிடம் அந்நியப் பணம் கேட்பது வேலை போகிற குற்றம். போலீசுக்கும் சொல்ல வேண்டியிருக்கும். நாளை மத்தியானத்துக்குள் விளக்கம் எழுதிக் கொடு என்றார். வெளியே வந்தபோது ஊரில் எனக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்களின் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன.

மெஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் மத்தியானம் விளக்கத்தோடு மானேஜர் அறைக்குள் நான் நுழைந்த ஐந்தாவது நிமிஷம், பியூனைத் தள்ளிக்கொண்டு மாமி உள்ளே வந்தார். பட்டுப்புடவை. கையில் பை. ரயிலேறி, வி.டி. ஸ்டேஷனில் இறங்கி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார்.

"சாப்," என்று ஆரம்பித்து, என்னைச் சுட்டிக் காட்டினார். "இஸ்கோ குச் நை மாலூம்!"

இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். மானேஜர் நாற்காலி போடச் சொன்னார். மாமி உட்கார்ந்துகொண்டு, பாதி ஹிந்தியும் பாதித் தமிழுமாகக் கதை முழுவதையும் சொன்னார். பிள்ளைகள், நூறு பவுண்டு, தீர்ப்பு. பணம் கேட்கச் சொன்னது தானேதான், எழுதினது மட்டும் இவன் என்றார். ஒவ்வொரு நாலு வரிக்கும் நடுவில், "இஸ்கோ குச் நை மாலூம்."

"அம்மா, இவன் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருக்கிறான்," என்றார் மானேஜர் ஹிந்தியில். "ஒன்றும் தெரியாது என்றால் எப்படி?"

"பூச்கே தேகோ," என்றார் மாமி. கேட்டுத்தான் பாருங்களேன்.

மானேஜர் என்னைப் பார்த்தார். "நூற்றிருபது டாலர். விகிதம் இரண்டு புள்ளி நாற்பது. எத்தனை பவுண்டு?"

சிலேட்டில் கண்ட ஞானம் மாட்டுங்காவிலேயே தங்கிவிட்டது. கோட்டை வரைக்கும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பெருக்கினேன்.

"இருநூற்று எண்பத்தெட்டு பவுண்டு, சார்."

நடிக்கவில்லை. அதுதான் வருத்தம்.

மானேஜர் கண்ணாடியைக் கழற்றினார். ஐம்பது பவுண்டு கொடுக்க வேண்டிய இடத்தில் இருநூற்று எண்பத்தெட்டு கொடுக்கிறவன் களவாக வியாபாரம் செய்தால், நஷ்டம் யாருக்கு என்று அவர் யோசித்திருக்க வேண்டும். கணக்கு புரியாவிட்டாலும் அவர் முகம் மாமிக்குப் புரிந்தது. "தேகா?" என்றார், பார்த்தீர்களா என்று, கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி.

மானேஜர் பெரியவனுக்குத் தானே பதில் எழுதுவதாகச் சொன்னார். புகாரை இரண்டாக மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். சாக்பீஸை நான் இனித் தொடக் கூடாது என்றும், திங்கள் முதல் எழுதுபொருள் அறையில் இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். மாமிக்கு டீ வரவழைத்தார். மாமி காப்பி இல்லையா என்று கேட்டார்.

அன்றைக்கு அரை நாள் லீவு கொடுத்து என்னை மாமியோடேயே அனுப்பிவைத்தார்கள். படியிறங்கும்போது நான் இரண்டு படி முன்னால் போனேன்.

"கோவமாடா? எல்லாருக்கும் எதிர்ல ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்னு?"

"நிஜந்தானே மாமி."

"இந்தக் கட்டடத்துக்கு அது நிஜம். ஆத்துக்கு வந்தா நீதான் பாங்க்."

"அந்த அறுநூறு ரூபா இனிமே வராது மாமி."

"வராட்டா போறது. ரெண்டும் சேர்ந்துண்டு என்னை அசடுன்னு எழுதியிருக்குகளே, அது போறும் எனக்கு."

வெளியே ரோட்டில் டபுள் டெக்கர் பஸ்களும் டாக்ஸிகளும் மேலே ஏறிவிடுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் போக வேண்டும். மாமி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். எனக்கு இருபத்தைந்து வயது. பாங்க் வாசலில் தெரிந்தவர்கள் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷன் வரும்வரை நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை.